கதவை மூடும் உரிமை: பசிபிக் சிறுதீவுகளில் ஊரார் நடத்தும் சுற்றுலா

1990 பிப்ரவரியில் ஓஃபா புயலும் 1991 டிசம்பரில் வேல் புயலும் சமோவாவைப் புரட்டிப்போட்டன. விழுந்த வீடுகளை எடுத்துக் கட்டி நிமிர்வதற்குள், 1993-இல் சேப்பங்கிழங்குப் பயிரில் இலைக்கருகல் நோய் பரவியது. அந்நாட்டு மக்களின் அன்றாட உணவும் சேம்புதான், முக்கிய ஏற்றுமதியும் சேம்புதான். ஓரிரு ஆண்டுகளில் அந்த ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. பள்ளிக் கட்டணத்துக்கும் தேவாலயக் காணிக்கைக்கும் பணம் வேண்டும். விற்பதற்கோ விளைச்சல் இல்லை. கடற்கரை மட்டும் இருந்தது. உபோலு தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள லலோமனுவிலும், சவாயி தீவின் வடகரையிலுள்ள மனாசேயிலும், வேறு பல ஊர்களிலும் குடும்பங்கள் தங்கள் நிலத்தில் சிறு குடில்களைப் போட்டன. சில தூண்கள், பலகைத் தளம், ஓலைக் கூரை, சுவருக்குப் பதிலாக முடைந்த தென்னங்கீற்றுத் திரை, உள்ளே ஒரு மெத்தையும் கொசுவலையும். குளியலறையும் கழிப்பறையும் பொது. காலை உணவும் இரவு உணவும் வாடகைக்குள் அடங்கிவிடும். இவற்றை அங்கே ‘பீச் ஃபாலே’ என்கிறார்கள்.

சிறிய பசிபிக் தீவுகளில் ஊரார் தாமே நடத்தும் சுற்றுலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குடில்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. எந்த வளர்ச்சித் திட்டமும் இவற்றைக் கொண்டுவரவில்லை. அயல்நாட்டு நிபுணர் எவரும் வரைபடம் தரவில்லை. அரசின் உதவியும் நியூசிலாந்தின் நிதியும் பின்னால் வந்து தோள்கொடுத்தன. ஆனால் முதல் குடில்களை எழுப்பியது குடும்பங்களின் சொந்த உழைப்பு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை நிற்கின்றன, விழுகின்றன, மறுபடி நிற்கின்றன. அதே காலத்தில் பெருந்தொகை செலவிட்டுப் பிற தீவுகளில் கட்டப்பட்ட எத்தனையோ விருந்தினர் விடுதிகள் புதர் மண்டிப்போயின. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அழகான குடில், நல்ல படகு, விளம்பரம் ஆகியவை பற்றி எத்தனையோ கையேடுகள் இருக்கின்றன. நான் பார்க்க விரும்புவது வேறு: நிலம் யாருடையது, பழுதானால் யார் சரிசெய்வார், ‘இப்போது வேண்டாம்’ என்று கதவை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது.

நிலத்திலிருந்தே தொடங்க வேண்டும். சமோவாவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நிலம் மரபுவழி நிலம். அதை விற்க முடியாது. ஃபிஜியில் 87 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிலம் பூர்வகுடியான இதௌக்கேய் குலங்களுக்கு உரியது. அதுவும் விற்பனைக்கு இல்லை, குத்தகைக்கு மட்டும்தான். வனுவாட்டு 1980-இல் விடுதலை பெற்றபோது, நாட்டின் நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் உரியது என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. பூர்வகுடிகள் நிலத்தை இழந்த ஹவாயியோடு ஒப்பிட்டால் இது பெரும் பாதுகாப்பு. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் பாதுகாப்பு கரையில் கரைந்துபோவதும் உண்டு. வனுவாட்டுவின் தலைநகர் இருக்கும் எஃபாத்தே தீவில் கடலோர நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைக்குப் போய்விட்டது. குத்தகைக் காலம் 75 ஆண்டுகள் வரை நீளலாம். மூன்று தலைமுறைக்குத் தன் ஊர்க் கடற்கரையில் கால்வைக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியவனுக்கு, நிலம் உனதே என்று அரசியலமைப்பு சொல்வதால் என்ன பயன்? குலத்தாரின் ஒப்புதல் இல்லாமல் ஓரிருவர் கையெழுத்தில் நிலம் கைமாறியதே அங்கு நடந்த பெரும் கேடு. 2013, 2014 ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட நிலச் சீர்திருத்தங்கள் அந்த ஓட்டையை அடைக்க முயன்றன.

ஃபிஜியில் குத்தகைப் பணத்தை வசூலித்துப் பிரித்துக்கொடுப்பது 1940-இல் தொடங்கப்பட்ட நில அறக்கட்டளை வாரியம். நெடுங்காலம் அந்தப் பணத்தில் 30 விழுக்காடு மூன்று படிநிலைத் தலைவர்களுக்குப் போனது. மீதியே குலத்தின் மற்றவர்களுக்கு. 2011 முதல் எல்லோருக்கும் சமபங்கு என்று விதி மாறியது. இதைச் சிலர் வரவேற்றார்கள்; தலைவரின் மரபுக் கடமைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று வேறு சிலர் கேட்டார்கள். ஊர் நடத்தும் சுற்றுலா என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ‘ஊர்’ என்பதற்குள் தலைவர் உண்டு, மூத்த குடும்பம் உண்டு, திருமணமாகி வந்த பெண்கள் உண்டு, தலைநகரிலும் ஆக்லாந்திலும் குடியேறிவிட்ட பங்காளிகள் உண்டு. ஒரு விடுதி லாபம் ஈட்டத் தொடங்கிய நாளில் இவர்கள் எல்லோரும் ஊராகிவிடுவார்கள்.

ஃபிஜியின் நிலக் கணக்கில் தமிழரும் இருக்கிறார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களில் பலர் பயிரிட்டதும் இதே மரபு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத்தான். 1990-களின் இறுதியிலிருந்து முப்பதாண்டுக் குத்தகைகள் முடிந்தபோது ஏராளமான குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறின. விமானத்தில் வரும் பயணிகள் பெரும்பாலோர் இறங்கும் நாடி நகரில், 1994-இல் திறக்கப்பட்ட சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இன்று சுற்றுலாப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் இடம்பெறுகிறது. பூர்வகுடியின் நில உரிமை நியாயமானது. அந்த நியாயத்தின் மறுபக்கத்தில் வேர்பிடிக்க இடமில்லாமல் போன உழவர்களும் நின்றார்கள் என்பதைச் சுற்றுலா பற்றிய கட்டுரைகள் சொல்வதே இல்லை.

இனி வசதிகளுக்கு வருவோம். விருந்தினருக்கு வசதி என்றவுடன் படுக்கையும் கூரையும்தான் கண்முன் வரும். ஆனால் சிறுதீவில் சுற்றுலாவைத் தாங்கிப்பிடிப்பதும் கவிழ்ப்பதும் கழிப்பறையும் தண்ணீரும்தான். குக் தீவுகளின் ரரொடொங்காவில் முரி என்றொரு காயல் இருக்கிறது. நீலமும் பச்சையும் கலந்த ஆழமற்ற நீர், வெண்மணல், நான்கு சிறு திட்டுகள். சுமார் 15,000 பேர் வாழும் நாட்டுக்கு, கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடிவந்தது முரியை. கரையோர விடுதிகளின் கழிவுநீர் செப்டிக் தொட்டிகள் வழியே மணலுக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து காயலுக்குள் கசிந்தது. 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காயலில் பாசி படர்ந்து நாறத் தொடங்கியது. பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு, கழிவுநீர்க் குழாய்களையும் சுத்திகரிப்பையும் திட்டமிட்டது. அதற்கான செலவை ஒரு சிறு நாடு எப்படித் தாங்கும் என்ற வாக்குவாதம் அங்கே ஓய்ந்தபாடில்லை. எந்த அழகைக் காட்டிப் பணம் சேர்த்தார்களோ அதையே திரும்ப மீட்க அந்தப் பணம் போதவில்லை.

பவளத் தீவுகளில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மணலுக்கும் பவளச் சிதைவுக்கும் அடியில், கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் நன்னீர் மட்டுமே உண்டு. அதையும் மேலேயிருந்து கழிவும் கீழேயிருந்து உப்பும் தாக்கும். துவாலு 2011-இல் தண்ணீருக்காகவே அவசரநிலை அறிவிக்க வேண்டியிருந்தது. இத்தகைய இடத்தில் அறைக்கு ஒரு குளியலறை, நீர் பாய்ச்சும் கழிப்பறை, அன்றாடம் துவைத்த விரிப்பு என்று தொடங்கினால், விருந்தினர் குளிக்கும் தண்ணீர் ஊர்க் குழந்தையின் குடத்திலிருந்துதான் வரும். மழைநீர்த் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதை வைத்துத்தான் படுக்கைகளின் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். வறண்ட மாதங்களில் ஊருக்கு வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவது எத்தனை பேருக்குப் போதும் என்று கணக்கிட வேண்டும். தண்ணீரே தேவைப்படாத மக்கும் உரக் கழிப்பறை இங்கே உண்மையான தொழில்நுட்பம். சாம்பலோ தேங்காய் நாரோ உலர்ந்த இலையோ போட்டால் போதும். அதைச் சரியாகப் பராமரிக்க ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டும். அந்த வேலைக்கு ஊரில் மரியாதையும் சம்பளமும் இருக்க வேண்டும். உதவி நிதியில் கட்டப்பட்ட இத்தகைய கழிப்பறைகள் கைவிடப்படுவது பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறால் அல்ல. யார் வேலை அது என்று யாரும் முடிவுசெய்யாததால்தான்.

இன்னொரு எளிய வசதி, கட்டுமிதவை. படகுகள் ஒவ்வொரு முறையும் நங்கூரம் எறிந்தால் பவளம் நொறுங்கும். ஒரு கை அகலம் வளர அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கடலடியில் நிலையாகப் பொருத்திய கட்டைக்கும் கயிற்றுக்கும் ஆகும் செலவு ஒரு குடிலின் செலவைவிடக் குறைவு. புகைப்படத்தில் தெரியாத இத்தகைய வசதிகளுக்குக் கொடையாளிகள் பணம் தரத் தயங்குகிறார்கள். திறப்பு விழாவில் நாடா வெட்டக் கட்டடம் வேண்டும் அல்லவா!

கட்டடங்களைப் பற்றி டஹீட்டியின் தெயாஹுபோ ஊர் சமீபத்தில் உலகுக்கு ஒரு பாடம் சொன்னது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி அங்கே நடந்தது. பல ஆண்டுகளாகப் பயன்பட்ட மரக் கோபுரத்துக்குப் பதிலாக, நடுவர்களுக்காகக் கடலுக்குள் புதிய அலுமினியக் கோபுரம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2023 அக்டோபரில் ஊராரும் அலைச்சறுக்கு வீரர்களும் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். கோபுரத்தின் அளவையும் எடையையும் குறைக்க வேண்டியதாயிற்று. அப்படியும் டிசம்பர் தொடக்கத்தில் சோதனை ஓட்டத்துக்கு வந்த தட்டைப் படகு பவளத்தை உடைத்தது. போட்டியாளர்களுக்காகக் கரையில் புதிய விடுதி கட்டவில்லை; அவர்கள் ஒரு கப்பலில் தங்கினார்கள். மற்றவர்களுக்கு ஊரார் தங்கள் வீடுகளைத் திறந்துவிட்டார்கள். உலகின் மிகப்பெரிய விளையாட்டு விழாவின் ஒரு போட்டியைக்கூட, இருக்கும் வீடுகளையும் மிதக்கும் கப்பலையும் கொண்டு நடத்த முடியும் என்றால், ஒரு தீவுக்கு எவ்வளவு கட்டுமானம் தேவை என்ற கேள்வியை மறுபடி கேட்கத்தான் வேண்டும்.

சமோவாவின் குடில்களுக்குத் திரும்புகிறேன். 2009 செப்டம்பர் 29 காலையில் சுனாமி அந்தத் தென்கிழக்குக் கரையைத் தாக்கியது. சமோவாவில் 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லலோமனுவில் குடில்கள் இருந்த இடம் வெறும் மணலானது. விடுதி நடத்திய குடும்பங்களில் குழந்தைகள் உட்படப் பலர் மாண்டனர். இந்த இழப்பை மீள்தன்மை என்ற ஒற்றைச் சொல்லால் மூடுவது அநியாயம். சில ஊர்களில் மக்கள் மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள், கரைக்குத் திரும்பவே மனமில்லாமல். ஆனாலும் கடற்கரைக் குடில்கள் மீண்டும் எழுந்தன. மரமும் ஓலையும் உள்ளூரில் கிடைக்கும், கட்டத் தெரிந்த கைகளும் உள்ளூரில் உண்டு, நிலம் வங்கியில் அடகில் இல்லை. வெளிநாட்டு முதலீட்டில் எழுந்த விடுதி காப்பீட்டுத் தொகைக்கும் முதலீட்டாளர் முடிவுக்கும் காத்திருக்க வேண்டும். 2015-இல் பாம் புயலுக்குப் பின் வனுவாட்டிலும், 2016-இல் வின்ஸ்டன் புயலுக்குப் பின் ஃபிஜியிலும் இதே வேறுபாடு தென்பட்டது. புயலில் விழாத கட்டடம் என்ற கனவைவிட, விழுந்தால் எளிதில் எடுத்துக் கட்டக்கூடிய கட்டடம் இந்தக் கடலுக்குப் பொருத்தமானது. விருந்தினர் ஓடி ஏறுவதற்கான பாதையும், மேட்டில் உறுதியான ஒரு பொதுக் கட்டடமும், எச்சரிக்கை மணியும் மட்டும் அந்த எளிமைக்கு விலக்கு. அவற்றில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

சமோவாக் குடில்கள் நீடித்ததற்கு இன்னொரு காரணம், நூல்களில் சொல்லப்படும் ‘சமூகச் சுற்றுலா’ என்ற வரையறைக்குள் அவை சரியாக அடங்காததுதான் என்று நினைக்கிறேன். அவை பொது உடைமை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் தொழில். பாயை விரிப்பதும் மீனைச் சுடுவதும் கணக்கு எழுதுவதும் அந்தக் குடும்பம். அவர்களுக்கு மேலே மத்தாய் என்னும் குடும்பத் தலைவர்கள் கூடும் ஊர்ச் சபை இருக்கிறது. மாலையில் சங்கோ மணியோ ஒலித்தால் பிரார்த்தனை வேளை. அப்போது யாரும் தெருவில் நடமாடக் கூடாது. ஊருக்குள் நீச்சலுடையோடு திரியக் கூடாது. சில ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்கக் கூடாது. மீறினால் அபராதம், அது விருந்தினரை வைத்திருக்கும் குடும்பத்தின் மேல் விழும். தொழில் குடும்பத்தின் கையில், ஒழுங்கு ஊரின் கையில். சேர்ந்தே எல்லாம் செய்ய வேண்டும் என்ற வெளியாரின் கனவைவிட இந்தப் பகிர்வு நடைமுறைக்கு உகந்ததாக இருந்திருக்கிறது. அங்கே வருபவர்களும் வெள்ளைக்காரப் பயணிகள் மட்டுமல்லர். தலைநகர் ஆபியாவிலிருந்து வார இறுதிக்கு வரும் குடும்பங்கள், தேவாலயக் குழுக்கள், நியூசிலாந்திலிருந்து விடுமுறைக்கு வரும் சமோவாவினர் எல்லோரும் உண்டு. விமானம் நின்றாலும் வண்டி நிற்பதில்லை.

பொதுவாகச் சேர்ந்து நடத்துவது எங்குமே முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஃபிஜியின் தவெயுனி தீவில் போமா மக்கள், தங்கள் காட்டை மரம் வெட்ட விடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, பாதுகாப்பது என்று முடிவெடுத்தார்கள். 1991-இல் நியூசிலாந்து உதவியோடு தவோரோ அருவிகளுக்குப் பாதை திறந்தது. பின்னர் லவேனாவில் கடலோர நடைபாதை, விதாவாவில் மழைக்காட்டு நடை, வைதாபுவில் 1998 முதல் மீன்பிடி நிறுத்தப்பட்ட கடற்காப்பகம் என்று ஊருக்கு ஒன்றாகச் சேர்ந்தது. இங்கே பொதுவாக இருப்பது அருவியும் காடும் கடலும். நுழைவுக் கட்டணம் எளிதில் எண்ணக்கூடியது, எளிதில் பகிரக்கூடியது. விடுதி நடத்துவதுபோல் இரவுபகல் உழைப்பு அதில் இல்லை. ஃபிஜியின் பேகா கால்வாயில் 2004-இல் அமைந்த சுறாக் காப்பகமும் இதே வழியில்தான். பக்கத்து ஊர்கள் மீன்பிடிக்கும் மரபுரிமையை அந்தத் திட்டில் விட்டுக்கொடுத்தன. அதற்குப் பதிலாக, சுறாக்களைப் பார்க்க மூழ்கும் ஒவ்வொருவரும் ஊருக்கு ஒரு தொகை கட்டுகிறார்கள். ஊர் இளைஞர்கள் முக்குளிப்பு வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். 2014-இல் அது ஃபிஜியின் முதல் தேசியக் கடற்பூங்கா ஆயிற்று. அருவி, காடு, திட்டு ஆகியவை பொதுவில். படுக்கையும் சமையலும் குடும்பங்களிடம். பல தீவுகளைப் பார்த்தபின் எனக்கு நம்பிக்கை தரும் ஏற்பாடு இதுதான்.

மக்களைக் கேட்காமல் செய்தால் என்னவாகும் என்பதற்குச் சாலமன் தீவுகளின் அர்னவோன் ஒரு சாட்சி. அலுங்காமைகள் பெருமளவில் முட்டையிடும் அந்தச் சிறு தீவுகளை 1980-களின் தொடக்கத்தில் அரசு காப்பகமாக அறிவித்தது. உரிமை கோரியவர்களில் ஒருசாரார் கொதித்து, 1982-இல் அங்கிருந்த அரசுக் கட்டடங்களை எரித்தார்கள். காப்பகத்தின் கதை முடிந்தது. மறுபடி 1990-களில் பொறுமையாகப் பேச்சு நடந்தது. கியா, வாகினா, கடுபிகா ஆகிய மூன்று சமூகங்கள் ஒன்றாக உட்கார்ந்தன. அவற்றில் ஒன்று கில்பெர்ட் தீவுகளிலிருந்து குடியேறியவர்களுடையது. ஆக உறவுமுறை கூடப் பொதுவில்லை. 1995-இல் கூட்டு மேலாண்மையில் காப்பகம் பிறந்தது. 2017-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. காவலர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். தொலைவைத் தாண்டி வரும் சில பயணிகள் ஆமைகளைப் பார்த்துப் போகிறார்கள், வருமானம் பெரிதல்ல. அதே நாட்டின் தெதெபரே தீவு, பசிபிக்கின் தென்பகுதியில் மனிதர் வாழாத மிகப்பெரிய தீவு என்று பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து வெளியேறியவர்களின் வழித்தோன்றல்கள் 2002-இல் சங்கம் அமைத்து, மரம் வெட்டும் நிறுவனங்களை உள்ளே விடவில்லை. எளிய விடுதி ஒன்றும் உண்டு.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். சாலமன் தீவுகளின் மரோவோ காயலில் 1990-களில் அமைந்த ஊர் விடுதிகள், மரவெட்டு நிறுவனங்கள் நீட்டும் பணத்துக்கு முன் நிற்க முடியாமல் தவித்தன. விமானம் மாறி, படகு மாறி, மழையில் நனைந்து அங்கே போய்ச்சேரும் பயணிகள் மிகச் சிலர். சுற்றுலா வந்தால் காடு பிழைத்துவிடும் என்று வாக்களிப்பது எளிது. வராதபோது காட்டைக் காத்தவர்கள் ஏமாந்து நிற்பார்கள். தொலைதூரத் தீவுகளில் சுற்றுலாவைத் துணை வருமானமாக மட்டுமே வைத்து, காவலர் சம்பளத்துக்கும் கல்வி உதவிக்கும் வேறு நிலையான நிதியைத் தேட வேண்டும். பலாவு அதற்கு ஒரு வழி காட்டியது.

பலாவுவின் மக்கள்தொகை ஏறத்தாழ 18,000. 2015-இல் சுமார் 1,60,000 பேர் வந்து குவிந்தார்கள்; பாதிக்கு மேல் சீனக் குழுப் பயணிகள். ஜெல்லிமீன் ஏரியும் பாறைத் தீவுகளும் திணறின. அடுத்த ஆண்டு வறட்சியில் ஏரியின் ஜெல்லிமீன்கள் ஏறக்குறைய அழிந்தே போயின. 2017 டிசம்பர் முதல், நாட்டுக்குள் வரும் ஒவ்வொருவரின் கடவுச்சீட்டிலும் ஓர் உறுதிமொழி முத்திரையாகக் குத்தப்படுகிறது. பலாவுவின் குழந்தைகளை நோக்கி எழுதப்பட்ட அந்த உறுதிமொழியில் பயணி கையெழுத்திட வேண்டும். 2018 முதல் 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் விமானச் சீட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. அதன் ஒரு பங்கு பதினாறு மாநிலங்களின் காப்பகங்களைப் பராமரிக்கும் வலையமைப்புக்குப் போகிறது. காப்பகக் காவலருக்குச் சம்பளம் தர, அவர் ஊருக்கு விருந்தினர் வந்தே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. பவளத்துக்குக் கேடான வேதிப்பொருள்கள் கலந்த வெயில்காப்புக் களிம்புகளும் 2020 முதல் அங்கே தடை. ஒரே நாட்டுப் பயணிகளை நம்பியதன் விலையையும் பலாவு கொடுத்தது: 2017-இன் இறுதியில் சீனா குழுப் பயணங்களை நிறுத்தியபோது விடுதிகள் வெறிச்சோடின.

பயணி வரும் காலத்தை முடிவுசெய்வது யார் என்பதும் ஒரு வசதிப் பிரச்சினையே. வனுவாட்டுவின் பெந்தெகொஸ்து தீவில் மரக் கோபுரத்திலிருந்து கொடிகளைக் காலில் கட்டிக் குதிக்கும் சடங்கு, கொடிகளில் ஈரப்பதம் சரியாக இருக்கும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் நடக்கும். 1974 பிப்ரவரியில் எலிசபெத் அரசியின் வருகைக்காகப் பருவம் தவறிக் குதித்தபோது கொடி அறுந்து ஒருவர் இறந்தார். அதைவிடத் தெளிவாகப் பருவத்தின் அருமையை யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் பெருங்கப்பல் நிறுவனங்களின் அட்டவணை ஊரை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதே நாட்டின் தென்கோடியில் அனெய்த்யும் தீவை ஒட்டியுள்ள சிறு மணல்திட்டில் கப்பல் வரும் நாளில் மட்டும் ஊரார் வந்து கடைவிரிக்கிறார்கள். மாலையில் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு தங்கள் தீவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் திட்டில் யாரும் குடியிருப்பதில்லை. வாழும் ஊரையும் காட்சிக்கான இடத்தையும் இப்படிப் பிரித்துவைத்தது புத்திசாலித்தனம். ஒரே நாளில் இரண்டாயிரம் பேர் வந்து சில மணி நேரத்தில் போவதில் கிடைக்கும் காசு, ஒரு வாரம் தங்கும் இருபது பேரிடம் கிடைப்பதைவிட எவ்வளவு சிறப்பு என்பதை மட்டும் அவர்கள்தாம் எடைபோட வேண்டும்.

மூடும் அதிகாரத்துக்கு ஹவாயியின் கவாயித் தீவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ஹாயெனா கடற்கரைப் பூங்காவில் ஒரு நாளில் 2,000-க்கும் மேற்பட்டோர் திரண்டு, சாலையோரமெங்கும் கார்கள் நின்றன. 2018 ஏப்ரலில் பெருவெள்ளம் சாலையை அடித்துச் சென்றது. ஓராண்டுக்கு மேல் ஊர் அமைதியாக இருந்தது. மீன் கரைக்கு நெருங்கி வந்தது. 2019 ஜூனில் மறுபடி திறந்தபோது நாளொன்றுக்கு 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வெளியூரார் முன்பதிவு செய்தே வர வேண்டும். ஹவாயி வாசிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஊர் அமைப்பே போக்குவரத்தையும் நிறுத்துமிடத்தையும் நடத்துகிறது. பழைய சேம்பு வயல்களையும் மீட்டெடுத்திருக்கிறார்கள். ராப்பா நுயி என்னும் ஈஸ்டர் தீவில் பூர்வகுடி அமைப்பே தொல்லியல் பூங்காவின் நிர்வாகத்தை 2017-இல் கையிலெடுத்தது. கொரோனாவின்போது 2020 மார்ச்சில் மூடிய தீவை விரைவில் திறக்கலாமா என்று 2021-இல் மக்களிடம் கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றனர். 2022 ஆகஸ்டில்தான் பயணிகள் வந்தார்கள். வருமானம் பெரும்பாலும் சுற்றுலாவாக இருந்தும் இப்படிச் சொல்ல முடிந்தது, அவர்கள் மண்ணில் பயிரும் கடலில் மீனும் இருந்ததால்தான்.

இந்தப் பாடம் கொரோனாக் காலத்தில் ஃபிஜி முழுக்கத் தெரிந்தது. நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு சுற்றுலாவைச் சார்ந்திருந்தது. விமானங்கள் நின்றதும் விடுதி ஊழியர்கள் ஊருக்குத் திரும்பி மரவள்ளி நட்டார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய பண்டமாற்று முகநூல் குழுவில் சில வாரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து, பன்றிக்குப் படகும் அன்னாசிக்குப் பள்ளிச் சீருடையுமாக மாற்றிக்கொண்டார்கள். நிலம் கையில் இருந்த ஊர்கள் பசியில்லாமல் கடந்தன. விடுதிக்காகக் கடலோர நிலத்தைக் கொடுத்துவிட்ட ஊர்களில் நட எங்கே இடம்? ஆகவே ஒரு தீவின் சுற்றுலாத் திட்டத்தில் தோட்ட நிலமும் மீன்பிடித் திட்டும் தொடக்கூடாத இருப்பாக எழுதப்பட வேண்டும். மலோலோ தீவில் ஒரு நிறுவனம் அனுமதியின்றிப் பவளத் திட்டையும் கரைக் கண்டல்களையும் வெட்டி அழித்தபோது, பக்கத்து நில உரிமையாளர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் செய்தியாளர்களும் ஓயாமல் போராட வேண்டியிருந்தது. 2022-இல்தான் நீதிமன்றம் பத்து லட்சம் ஃபிஜி டாலர் அபராதம் விதித்தது. பவளம் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

கொடையாளிகளும் அரசுகளும் இனி எதற்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டால், புதிய விடுதிக்கு முன் பழுதுபார்ப்பு நிதிக்கு என்பேன். மழைநீர்த் தொட்டிக்கு, கட்டுமிதவைக்கு, மேட்டுக்கு ஏறும் படிக்கு, ஊர்க் கணக்கை எழுதக் கற்கும் பெண்களுக்கு. இணையம் எட்டாத குடும்பத்தின் குடிலுக்கும் முன்பதிவு எடுத்துக் கொடுக்கும் ஓர் உள்ளூர் அலுவலகத்துக்கு. பெரிய முன்பதிவுத் தளங்கள் எடுக்கும் கமிஷன், நான்கு குடில் வைத்திருப்பவருக்கு ஒரு மாதச் சோறு.

இவை எல்லாம் நடந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதுதான் இப்போது தீவுகளை அதிகம் வாட்டுகிறது. நியூசிலாந்து 2007 முதலும், ஆஸ்திரேலியா அதைத் தொடர்ந்தும் பசிபிக் தீவினரைப் பருவக் கூலிகளாக அழைத்துப்போகின்றன. ஆப்பிள் பறிக்கவும் திராட்சைக் கொடி கழிக்கவும் போகும் இளைஞர், சில மாதங்களில் ஈட்டுவதை ஊர் விடுதியில் ஓராண்டு உழைத்தாலும் ஈட்ட முடியாது. கொரோனாவுக்குப் பின் எல்லைகள் திறந்ததும் வனுவாட்டுவின் விடுதிகளில் சமையல்காரரும் படகோட்டியும் கிடைக்கவில்லை. ஊரில் கைகள் குறைகின்றன என்று 2023-இல் சமோவா அரசு பருவக் கூலிகளை அனுப்புவதைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. குடிலின் கீற்றை முடையத் தெரிந்தவர்களும் காயலில் மிதவையைப் பொருத்தத் தெரிந்தவர்களும் நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே பகுதிப் பழத்தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஊரில் இருந்தாலும் பிழைக்க முடியும் என்ற அளவுக்குக் கூலியை உயர்த்த வேண்டுமானால், ஓலைக் குடிலில் ஓர் இரவுக்குப் பயணி இன்று கொடுப்பதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மலிவு என்பதற்காகவே அங்கே வருகிறவர்களிடம் அந்த விலையைக் கேட்கும் துணிவும், கேட்டபின் வருகை குறைந்தால் தாங்கும் வலுவும் எந்தத் தீவுகளுக்கு உண்டு என்பதைப் பொறுத்தே அடுத்த பத்தாண்டில் எத்தனை குடில்கள் ஊராரின் கையில் இருக்கும் என்பது தெரியும்.